உளவாளி எஞ்சினை நிறுத்திய இடம்

இரண்டாம் பாகம் என்று சொல்லிக்கொண்டு வருகிற படங்களை நான் கொஞ்சம் முறைப்போடுதான் பார்ப்பேன். காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையில் துணி வெட்டிக் கொடுப்பது என் தொழில். படம் பார்த்துவிட்டு இணையத்தில் நாலு வரி எழுதுவது என் கிறுக்கு. கடைக்கு வருகிறவர்கள் சட்டைத் துணியோடு சேர்த்துப் படத்தைப் பற்றியும் விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். யார் நடித்திருந்தாலும் குறையைக் குறை என்றுதான் சொல்வேன். அப்படிப்பட்ட நான், எங்கள் மட்டக்களப்பு வாவியில் எடுத்த அந்த உளவாளிப் படத்தின் இரண்டாம் பாகத்துக்குப் போன நாளில் மட்டும் பயந்து பயந்து உட்கார்ந்திருந்தேன். அதில் என் தங்கை நடித்திருந்தாள். சரியாகச் சொன்னால் அவளுடைய முதுகு நடித்திருந்தது. அந்த முதுகும் படத்தில் மிஞ்சியிருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊரான ஆரையம்பதியில் என் தங்கையை அறியாதவர்கள் இல்லை. மச்சான் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு, சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி வாவியைச் சுற்றிக் காட்டும் அவருடைய எஞ்சின் போட்டை அவளே ஓட்டத் தொடங்கினாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு தங்கள் வீட்டு விருந்தாளிகளையே அவளிடம் அனுப்பினார்கள். எங்கே ஆழம், எங்கே சேறு, காற்று மாறினால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

சென்னையிலிருந்து வந்த படக்குழு, உளவாளியை எதிரிகள் வாவியில் துரத்தும் காட்சியை இங்கே எடுத்தது. கதாநாயகனுக்குப் பதிலாகப் போட் ஓட்ட அவர்கள் கூட்டி வந்த ஆள் இரண்டு தடவை சேற்றில் ஏற்றிவிட்டான். கரையில் நின்ற என் தங்கைக்கோ கதாநாயகனின் உயரம், அதே தோள் அகலம். கறுப்பு ஜாக்கெட்டையும் தொப்பியையும் மாட்டிவிட்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் உளவாளி. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு பிள்ளைகளின் தாய், வாயில் வெற்றிலை.

கடைக்கு லீவு போட்டுவிட்டு நானும் கரையில் நின்றேன். அவள் போட்டை ஓட்டிய வேகத்தைப் பார்த்து நானே இரண்டடி பின்னால் நகர்ந்தேன். பின்னால் எதிரிகளின் இரண்டு போட்டுகள் அவளைப் பிடிக்க முடியாமல் திணறின. நடு வாவியில் திடீரென்று எஞ்சின் சத்தம் நின்றது. அவள் எழுந்து, பின்பக்கம் குனிந்து, எஞ்சினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். போட் தன் வேகத்திலேயே சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் எஞ்சினை இறக்கி மறுபடி ஓட்டினாள். பின்னால் வந்த இரண்டு போட்டுகளும் அதைக் கண்டு இந்தப் பக்கமே நின்றுவிட்டன.

கரையில் நின்ற எங்களுக்கெல்லாம் விஷயம் விளங்கிவிட்டது. அந்த இடத்தில் வரிசையாக மிதப்புகள் தெரிந்தன. காலையில் அவள் வழி பார்த்தபோது இல்லாத வலையை யாரோ பிறகு வந்து போட்டிருக்கிறார். எஞ்சினின் விசிறி பட்டால் வலை நார் நாராகிவிடும். அதனால் இந்தத் தண்ணீரில் ஓடுகிறவர்கள் மிதப்பைக் கண்டால் எஞ்சினை நிறுத்தித் தூக்கி, வலையைத் தாண்டிய பிறகுதான் இறக்குவார்கள். வலைக்காரர் எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. கை தானாகச் செய்துவிடும்.

சென்னைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? இயக்குநர் கொதித்துப் போனார்.

"ஏம்மா, உயிருக்குப் பயந்து ஓடுறவன் நடுவுல எஞ்சினை ஆஃப் பண்ணுவானா?"

"வலை கிடந்திச்சி, சேர்."

"யாரு வலை?"

"தெரியா."

"யாருன்னே தெரியாதவனோட வலைக்காக என் ஷாட்டைக் கெடுத்துட்டியா?"

வெயில் இறங்கிவிட்டது. அன்றோடு இங்கே அவர்களுடைய வேலையும் முடிந்தது. "வேற எங்கயாவது எடுத்து ஒட்டிக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். எனக்கும் அவள்மீது கோபம்தான். ஒரு வலைக்காக இப்படி ஒரு சந்தர்ப்பத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டாளே என்று வீடு வரும்வரை முணுமுணுத்தேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு ஊர் சும்மா இருக்குமா? "உளவாளி வாறா, விலகுங்க" என்று இறங்குதுறையில் கிண்டல். சிரித்துக்கொண்டே போவாள். ஆனால் படம் மட்டக்களப்பு தியேட்டருக்கு வந்தபோது வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

"வெட்டித்தான் எறிஞ்சிருப்பாங்க அண்ணன். அவ்வளவு சனத்துக்கு முன்னால ஏச்சு வாங்கினது போதாதா? அதைக் காசு குடுத்துப் போய்ப் பாக்கணுமா?"

"நீ இல்லாட்டிப் படத்தைக் கிழிச்சி எழுதுவன். வா புள்ள" என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பகல் காட்சிக்குப் போனேன்.

கிழிப்பதற்கு நிறையவே இருந்தது. முதல் பாகத்தில் அந்த உளவாளி எனக்குப் பிடித்தமான ஆள். ஓடினால் மூச்சு வாங்கும். அடித்தால் கை வலிக்கும். சந்தையில் துரத்தல் நடந்தபோது தக்காளிக் கூடையைத் தட்டிவிடாமல் சுற்றிக்கொண்டு ஓடுவான். அதற்காகவே அந்தப் படத்தை நான் நாலு தடவை பார்த்தேன். இரண்டாம் பாகத்தில் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிட்டார்கள். ஒரு நாட்டுக்குப் பதில் ஐந்து நாடு, ஒரு வில்லனுக்குப் பதில் மூன்று பேர், அதில் ஒருவன் போன படத்தில் செத்தவன். முதல் பாகத்தில் இரகசியக் குறிகளை உடைத்த கெட்டிக்காரப் பெண், இதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கண்ணீர் விடுகிறாள். கதாநாயகன் கார்களையும் கடைகளையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறான். யாருடைய கடை என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. துணி வெட்டுகிற எனக்கு அதுவே பெரிய எரிச்சல். சண்டைகளைப் படம் பிடித்த விதம் நன்றாக இருந்தது, இசையும் பரவாயில்லை. ஆனால் இரண்டாம் தடவை பார்க்கக்கூடிய படம் இல்லை என்று இடைவேளையிலேயே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

கடைசிக் கட்டத்தில் எங்கள் வாவி வந்தது. தியேட்டரே விசில் அடித்தது. கல்லடிப் பாலத்தின் கீழே போட்டில் ஏறிய உளவாளி, அடுத்த காட்சியில் எங்கேயோ ஒரு பெரிய அணைக்கட்டில் போகிறான். "இது எங்கடா நம்மட ஆத்துல கிடக்கு?" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கை சிரிக்கவில்லை. வேறு இடத்தில் எடுத்து ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து இருத்தினேன்.

அப்போது திரையில் சத்தம் நின்றது. துப்பாக்கி இல்லை, இசை இல்லை, எஞ்சின் இல்லை. மாலை வெயிலில் கறுப்பு ஜாக்கெட் போட்ட ஓர் உருவம் எழுந்து, குனிந்து, எஞ்சினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. போட் வழுக்கிக்கொண்டு போகிறது. அதன் அடியில் மிதப்புகள் ஒவ்வொன்றாக அமுங்கி மறுபக்கம் எழும்புகின்றன. பத்துப் பன்னிரண்டு நொடிதான் இருக்கும். படம் முழுக்க நான் தேடிக்கொண்டிருந்த பழைய உளவாளி, தக்காளிக் கூடையைச் சுற்றிக்கொண்டு ஓடியவன், அந்த நொடிகளில் திரும்பி வந்துவிட்டான். அவனைக் கொண்டுவந்தது என் தங்கை.

தியேட்டரில் சிலர் எழுந்து நின்று கை தட்டினார்கள். எல்லாம் தண்ணீரில் பிழைக்கிற ஆட்கள். வெட்டாமல் வைத்த இயக்குநரை, அவ்வளவு நாளும் திட்டிய அதே வாயால் வாழ்த்தினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது என்பதையும் மறைக்கப் போவதில்லை. அவள் மட்டும் திரையைப் பார்த்தபடி, "வெட்டி எறியல்ல, என்ன" என்றாள்.

படம் முடிந்து வெளியே வந்தபோது, தொப்பி போட்ட ஒரு நடுவயதுக்காரர் எங்களை மறித்தார். பக்கத்தில் அவருடைய மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் நின்றார்கள். காத்தான்குடி ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"புள்ள, போட் ஓட்டினது நீதானே? அண்டைக்கு நான் தோணியில, கரையோரமா ஒதுங்கி நிண்டன். நீ வந்த வேகத்தைக் கண்டு, எண்ட வலைட கதை முடிஞ்சிதெண்டு கண்ணைப் பொத்திட்டன். புது வலை. அண்டைக்குத்தான் முதல் முதலா இறக்கின."

"உங்கட வலையா, காக்கா?" என்றாள் என் தங்கை, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில். பிறகு, இவ்வளவு நாளும் மனதில் வைத்திருந்த கேள்வி அதுதான் என்பதுபோலக் கேட்டாள். "அண்டைக்கு மீன் பட்டிச்சா?"

"பட்டிச்சி, பட்டிச்சி" என்று சிரித்தார். "எண்ட வலையும் படத்துல வருமெண்டு நினைச்சித்தான் இவங்களையும் கூட்டிட்டு வந்த. உன்னையும் காட்டிட்டன்."

பிள்ளைகள் மூவரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோட்டார் சைக்கிளில் ஏறும்முன் என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்கும் அஞ்சு டிக்கெட் எடுங்க அண்ணன். அம்மாவையும் எண்ட புள்ளைகளையும் கூட்டிட்டு வருவம்."