சனிக்கு ஒன்பது குன்றிமணி

அண்ணன் வீட்டில் சோற்றுக்கு நிற்கிற விதவைக்கு எவன் உத்தியோகம் தருவான்? எனக்குக் கிடைத்தது. பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு, அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு பண்ணையார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். மூன்று மாதம் சோதனை. கடைசியில் பண்ணையாரே வந்து உட்கார்ந்து ஒரு பாடம் கேட்பார். பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி மதினியின் அடுக்களை, மதினியின் ஏச்சு.

பாடம், கிரகங்களின் அளவு. அதைக் கேள்விப்பட்ட பண்ணையார் காலையிலேயே ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் நவதானியம் அனுப்பிவிட்டார். சனிக்கு எள், வியாழனுக்குக் கொண்டைக்கடலை, வெள்ளிக்கு மொச்சை என்று, பூசைக்கு வைப்பதுபோலவே கூறு கூறாக. நல்ல மனசோடுதான் அனுப்பியிருந்தார். என்ன செய்ய? அந்தத் தாம்பாளத்தில் சனிதான் எல்லாவற்றிலும் பொடிசு. புத்தகத்திலோ வியாழனுக்கு அடுத்த பெரிய கிரகம் அது.

தாம்பாளத்தை மரியாதையாக ஜன்னலோரம் வைத்தேன். பூமிக்கு ஒரு குன்றிமணி. பிள்ளைகளை விட்டே பதினொரு குன்றிமணியை வரிசையாக அடுக்கச் சொன்னேன். அந்த நீளத்துக்குத் தடித்த கொய்யாப்பழம் ஒன்று, அது வியாழன். ஒன்பது மணி நீளத்துக்கு இன்னொரு பழம், அது சனி. "யம்மாடி!" என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

பாடம் கேட்க வந்து உட்கார்ந்திருந்த பண்ணையாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன வாத்தியாரம்மா, சனி பகவானுக்குக் கொய்யாப்பழமா? எள்ளுல்லா முறை?"

"பூசைக்கு எள்ளுதான் அண்ணாச்சி. நான் அளவைச் சொல்லுதேன்."

"அப்ப நாம இருக்குத பூமி?"

குன்றிமணியை எடுத்து நீட்டினேன்.

"ஆத்துக்கு ரெண்டு பக்கமும் எனக்கு வயல் கிடக்கு. அம்புட்டும் இதுக்குள்ளயா?"

"ஆமா அண்ணாச்சி. ராஜா இருக்குத சீமையும் இதுக்குள்ளதான்."

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டாள். போச்சு! பண்ணையார் மடியிலிருந்து என் வேலை உத்தரவுக் காகிதத்தை எடுத்தார்.

"தப்பாச் சொல்லிட்டேன்னு பிள்ளைககிட்டச் சொல்லுங்க. பழத்த எடுத்துட்டு எள்ள வைங்க. இப்பமே கையெழுத்துப் போடுதேன்."

மறைப்பானேன், என் கை தாம்பாளத்தின் பக்கம் போனது. மதினியின் ஏச்சு காதில் விழுந்த மாதிரியே இருந்தது. அப்போது முன்வரிசையில் ஒருத்தி, சிலேட்டில் ஒன்பது வட்டத்தை ஒட்டி ஒட்டி வரைந்து, விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் கையெழுத்துக்காக இந்தப் பிள்ளையை நான் முட்டாளாக்கவா?

"மாத்த மாட்டேன் அண்ணாச்சி. கோவம்னா அந்தக் கிரகத்துமேல கோவப்படுங்க."

காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். "மாசக் கடைசியோட நீ கிளம்பு."

மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் அதே பாடத்தைத்தான் நடத்தினேன். வேலையே போன பிறகு எவனுக்குப் பயப்பட வேண்டும்?