செம்புக் காப்பு கொடுத்த குரல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் துணி மடித்துக் கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போகும் உடுப்பு என்பதால் ஒரு குண்டூசிகூட எங்கள் பிரிவுக்குள் நுழையக் கூடாது. வளையல், கொலுசு எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

அப்போது எனக்கு முடக்குவாதம் வந்து ஒரு வருடம். காலையில் விரல்கள் வீங்கி, டீ டம்ளரைப் பிடிப்பதே பெரும்பாடு. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று மூச்சு விடவில்லை. ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்தவளுக்கு அந்த வேலைதான் எல்லாம். வாரம் ஒரு முறை போடச் சொல்லி டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது, நானே நிறுத்திவிட்டேன். உடம்பில் செம்புச் சத்து குறைந்தால்தான் மூட்டு வீங்கும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அவ்வளவுதான், குடிக்கச் செம்புக் குடத்துத் தண்ணீர், கையில் செம்புக் காப்பு. அப்போது நான் பாதி டாக்டர்.

காப்பைக் கழற்றினால் வலி கூடிவிடும் என்று ஒரு பயம். ஒரு நாள் அதை முன்கையில் மேலேற்றி, பனியன் கழுத்துப்பட்டிக்கு வெட்டி மிஞ்சிய ரிப் துணியால் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். முடிச்சுப் போட்டது என் மகள். வாசலில் சோதிக்கும் அக்கா உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைக் கை அருகே கொண்டு வந்ததும் அது வீலென்று கத்தியது. வரிசையே திரும்பிப் பார்த்தது.

“ஏனுங்க, துணிக்குள்ள என்னங்க வெச்சிருக்கீங்க?”

“சும்மா சுளுக்குக்கா, அதான் கட்டிருக்கேன்.”

அவிழ்க்கச் சொன்னார். முடிச்சை என் விரல்களால் அவிழ்க்க முடியவில்லை. அந்த அக்கா வீங்கிய என் விரல்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இந்த வெரல வெச்சுட்டு எப்படிங்க மடிக்கறீங்க? வாங்க, நர்ஸம்மாகிட்ட போலாமுங்க.” வேலை போச்சு என்று நடக்கும்போதே அழுதுவிட்டேன்.

வேலை போகவில்லை. விரல் சரியாகும்வரை பிரிவுக்கு வெளியே பார்கோடு ஸ்கேன் செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். நர்ஸ் அனுப்பிய டாக்டரிடம் என் செம்புக் கதையைச் சொன்னேன். அதையும் ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்றார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்க ரத்தத்துல செம்பு அதிகமாத்தாம்மா இருக்கு. துத்தநாகந்தான் கம்மி. வீக்கம் இருக்கறப்ப நெறையப் பேருக்கு இப்படித்தான். நிறுத்துன மாத்திரைய மறுபடி ஆரம்பிக்கலாம். வீக்கம் வத்துனா இதுவும் பெரும்பாலும் சரியாயிருமுங்க.”

வயிற்றுப் புரட்டலுக்கும் வழி சொன்னார். முதலிலேயே வாய் திறந்து கேட்டிருந்தால் அப்போதே ஒரு வழி கிடைத்திருக்கும்.

சில மாதங்களில் விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. மறுபடி மடிக்கப் போன அன்று வாசலில் கருவி சத்தமே போடவில்லை. “இன்னைக்குச் செம்பு கிம்பு ஒண்ணும் இல்லீங்களா?” என்றார் அந்த அக்கா. வரிசையே சிரித்தது, நான்தான் அதிகம் சிரித்தேன். அன்றைய முதல் உடுப்பின் ஐந்து குட்டிப் பட்டன்களையும் நானே போட்டு மடித்தேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இப்போதும் வாசலில் அந்தக் கருவி யாரிடமாவது கத்தினால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். என்னைக் காட்டிக் கொடுத்துக் காப்பாற்றிய குரல் என்பதால் எனக்கு மட்டும் அது இனிமையாகவே கேட்கிறது.