ஆம்புலன்ஸ் வரும்வரை

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். சோளிங்கரிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தவள், இப்போது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் பைக்குகள் வரிசையாக நிற்கின்றன. ஓட்டுபவர்களுக்குக் கழுத்திலிருந்து கால்வரை தோல் உடுப்பு. இந்தப் புழுக்கத்தில் நான் என் ரவிக்கையையே திட்டிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் எப்படித்தான் தாங்குகிறார்களோ! ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை.

"இன்னாத்துக்குப்பா நிக்குது?" என்று பக்கத்தில் கம்பெனிச் சட்டையோடு இருப்பவனைக் கேட்கிறேன்.

"ஆம்புலன்ஸ் ஒண்ணு கொறையுது ஆயா. வெயில்ல மயங்குனவர ஏத்திகினு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. அது வந்தாத்தான் வுடுவாங்களாம். எங்கப்பா காலத்துல கொடிய ஆட்டுனா பறப்பாங்க, அதான் ரேஸு! இருட்டுனா கேன்சல் பண்ணிடுவாங்க. கம்பெனில ஓவர்டைம வுட்டுட்டு வந்துகீறேன். என் தங்கச்சிக்கு இதான் மொத ரேஸு."

"தங்கச்சியா? எது?"

கடைசியில் நிற்கும் சிவப்பு ஹெல்மெட்டைக் காட்டுகிறான். அந்தப் பெண் கையுறையைக் கழற்றுகிறாள், மாட்டுகிறாள், மறுபடி கழற்றுகிறாள்.

"அப்போ நீயே போய்ச் சொல்லேன், ஆம்புலன்ஸ் வேணாம், வுடுங்கன்னு."

அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு தங்கையையே பார்க்கிறான்.

"சும்மா இரு ஆயா. கேன்சல் ஆனா ஆவட்டும்."

வெயில் கம்பெனிக் கூரைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் அந்த வெள்ளை வண்டி வந்து தன் இடத்தில் நிற்கிறது. ஜெயித்துவிட்டு வந்தவனுக்கு விசிலடிப்பதுபோல் கூட்டமே அதற்கு விசிலடிக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எல்லாரையும்விட உரக்க அடிப்பவன் இவன்தான்.