பிறர் கையில் தின்னாத நாய்

எனக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. வாய் திறந்து பேசவே கூச்சப்படுகிறவள் எழுதினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் சேர்ந்துவிட்டது. பேத்தியைக் கூப்பிட நினைத்து மருமகள் பெயரைச் சொல்கிற வயது. பிராணிகள் காப்பகத்து டாக்டரம்மாதான் விடாமல் கேட்டார், “மழையில உங்க நாய்க்கு நடந்ததை எழுதிக் குடுங்க பாட்டி, அடுத்த மழைக்கு மத்தவங்களுக்கு உதவும்” என்று. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறிப் போக வேண்டிய சிற்றூர். சாமை, கேழ்வரகு, கொஞ்சம் புளி. காட்டுப்பன்றி ஒரு பொழுதில் கொல்லையைப் புரட்டிப் போட்டுவிடும். அதற்காகச் சிலர் வெடிமருந்தை உருண்டை பிடித்து, மேலே கொழுப்பையோ பழத்தையோ அப்பி, பன்றி வரும் தடத்தில் போட்டுவைப்பார்கள். அவுட்டுக்காய் என்போம். கடித்தால் வெடிக்கும். கடிப்பது பன்றியா நாயா என்று அதற்குத் தெரியுமா? இதற்கு முன் நாங்கள் வளர்த்த கறுப்பு நாய் அப்படித்தான் போயிற்று. கீழ்த்தாடை இல்லாமல் வாசல்வரை நடந்தே வந்தது. அதற்குமேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஆகையால் எங்கள் ஊரில் குட்டியிலேயே நாயைப் பழக்கிவிடுவோம். அக்கம்பக்கத்து ஆட்களை விட்டு, உள்ளே மிளகாய் வைத்த களியைக் கொடுக்கச் சொல்வோம். தரையிலும் போட்டுவைப்போம். இரண்டு மூன்று தடவை வாய் எரிந்தால் பிறகு தொடாது. வீட்டில் வைக்கும்போது மட்டும், வீட்டுப் பொம்பளை அதன் கண்ணெதிரில் ஒரு துணுக்கைத் தன் வாயில் போட்டு விழுங்கிவிட்டு மிச்சத்தை வைப்பாள். நான் தின்றதைத்தான் எங்கள் செவலை நாய் தின்னும். கேரளாவில் வேலை செய்யும் என் மகன் லீவுக்கு வந்து கறித்துண்டை நீட்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “வூட்டுப் புள்ள நானு, பிச்சைக்காரன் மாதிரி பாக்குது பாரு” என்று அவன் திட்டுவான். எங்களுக்கு அதில் ஒரு பெருமை.

அந்த வருஷம் புயல் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு விரிசல் கண்டது. காலையில் விரல் நுழைகிற அளவு இருந்தது, மத்தியானம் கை நுழைந்தது. மலைக்குள்ளே யாரோ உரலை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மருமகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டாள். ஆடுகளை அவிழ்த்துவிட்டோம். பாறை உருளும் சத்தத்தினூடே ஜீப் வரை எப்படி இறங்கினோம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. காலுக்குக் கீழே சகதி நகர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஜீப்காரர் கத்தினார். “ஆளுங்க மட்டும்தான்! ஆடு, கோழி, மூட்டை ஒண்ணும் வேணாம்! பாதை இருக்கறப்பவே எறங்கணும்!”

நாய் ஜீப்புக்குப் பின்னால் ஓடி வந்தது. முதல் திருப்பம் வரை தெரிந்தது. அடுத்த திருப்பம் தாண்டியபோது பின்னால் பெரிதாகச் சரிந்து விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சாலை இருந்த இடத்தில் செம்மண்ணும் வேரும்தான் இருந்தன. நாய் அதற்கு அந்தப் பக்கமா, அடியிலா என்று தெரியவில்லை.

மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். சோறு போட்டார்கள், போர்வை கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. பெஞ்சை யாராவது இழுத்தால்கூட மலை சரிகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. நாய்க்காக அழுதால் ஊர் சிரிக்கும் என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் காப்பகத்து வண்டி வந்தது. ஆலங்காயத்துக்கு வெளியே, அடிபட்ட நாய், மாடுகளை வைத்துப் பார்க்கிற இடம் அது. டாக்டரம்மாவும் உதவியாளர் ஒருவரும் ஒவ்வொரு வகுப்பறையாக வந்து, “மேல எந்தப் பிராணிய விட்டுட்டு வந்தீங்க? எங்க நிக்கும்?” என்று கேட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். மருமகள்தான் சொன்னாள்.

“எங்க அத்தைக்கு ஒரு நாய் கீதுங்க. செவலை. ஒரு காது நுனி கிழிஞ்சிருக்கும்.”

பாதையைக் கொஞ்சம் சரிசெய்ததும், தீயணைப்புக்காரர்களோடு அவர்களும் மேலே போனார்கள். சில ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி, கூடையோடு கோழிகள், அதோடு எங்கள் நாய், எல்லாம் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. மருமகள் போனுக்குப் படம் அனுப்பினார்கள். சேறு காய்ந்து ஒட்டிய உடம்பு, கிழிந்த காது. அதுதான். பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களெல்லாம் தங்கள் தங்கள் உருப்படியைத் தேடி அந்த ஒரு போனைச் சுற்றி நின்றோம். அன்றைக்குத்தான் நான் ஒரு கவளம் சோறு தின்றேன்.

பிறகு மறுபடி போன் வந்தது.

“அத்த, டாக்டரு பேசறாங்க. நாய் எதையும் தொட மாட்டேங்குதாம். பாலு, முட்டை, கோழிக்கறி, எதுவும் வேணாங்குதாம். வந்த நாளா பச்சத்தண்ணி மட்டும்தானாம்.”

எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி பழகிய விஷயம். பிறர் கையில் தின்னாது என்பதை ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் யாருக்குமே தோன்றவில்லை. சாகாமல் இருக்கப் பழக்கினோம், அந்தப் பழக்கமே இப்போது அதைக் கொன்றுகொண்டிருந்தது.

“நீயே சொல்லும்மா, நான் போனாத்தான் தின்னும்னு.”

“நீ சொல்லு அத்த. வாய்ல இன்னா கொழுக்கட்டையா?” என்று போனை என் காதில் வைத்து அழுத்தினாள்.

என்ன உளறினேனோ, வண்டி அனுப்பினார்கள். காப்பக வாசலில் அந்த உதவியாளர் நின்றிருந்தார். “வா ஆயா, வா. உன் செல்லப்புள்ள உண்ணாவிரதம் இருக்கான். இன்னா கோரிக்கைன்னு கேட்டுச் சொல்லு” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூலையில் சாக்கின்மேல் கிடந்தது. முன்னங்காலில் ஊசி குத்தி, குழாயில் மருந்துத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. என்னைப் பார்த்து வாலை ஒருமுறை தரையில் தட்டியது. எழுந்திருக்கவில்லை.

டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். “ரத்தம் பாத்துட்டேன் பாட்டி, நோய் ஒண்ணும் இல்ல. தொண்டையும் நல்லா இருக்கு. வேணும்னே சாப்பிட மாட்டேங்குதுன்னு தோணிச்சு. அதான் உங்கள வரச் சொன்னேன்.”

கேழ்வரகு மாவு கேட்டு வாங்கி, அங்கே நாய்களுக்குச் சோறாக்குகிற அடுப்பிலேயே களி கிண்டினேன். அதன் எதிரில் உட்கார்ந்து ஒரு துணுக்கை வாயில் போட்டேன். பயத்தில் விழுங்க முடியவில்லை. அது என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்து விழுங்கினேன். மிச்சத்தை வைத்தேன். முகரக்கூட இல்லை. இன்னொரு துணுக்கு தின்றேன். அப்புறம்தான் நாக்கை நீட்டி, கட்டியின் ஓரத்தை நக்கியது. பிறகு கடித்தது. உதவியாளர் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார்.

ஆனால் என் பயம் அங்கேதான் பெரிதாயிற்று. எங்கள் வீட்டுப் பின்சுவர் இடிந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தையும் திறக்க வேண்டும் என்றார்கள். மருமகள் போளூரில் இருக்கும் அவள் தாய்வீட்டுக்கு எங்களை அழைத்துப்போவதாக இருந்தாள். அது வரிசை வீடு, நாய்க்கு இடமில்லை.

“அதுக்கென்ன, வீடு சரியாகிற வரைக்கும் இங்கேயே வெச்சுக்கறோம். எத்தனை நாளானாலும் சரி. நாங்க வைக்கிறத சாப்பிடப் பழக்கிட்டாப் போதும்” என்றார் டாக்டரம்மா.

“பழக்க வேணாம் கண்ணு” என்றேன். ஏன் என்று கேட்டார். என் ஆயுசில் வெளியாள் ஒருவரிடம் அத்தனை பேசியது அன்றுதான். அவுட்டுக்காயைப் பற்றிச் சொன்னேன். கறுப்பு நாய் வாசலுக்கு வந்து நின்றதையும் சொன்னேன்.

டாக்டரம்மா நாயின் தலையைத் தடவினார். “புரியுது பாட்டி. ஆனா இந்த மருந்துத் தண்ணியில ரொம்ப நாள் ஓட்ட முடியாது. நீங்க போளூர் போயிட்டா இது மறுபடியும் படுத்துடும். அப்புறம் எழுந்திரிக்காது.”

பழக்காவிட்டால் இங்கே பட்டினியில் போகும். பழக்கினால் மலையில் வெடியில் போகும். கடைசியில், “இந்தத் தம்பி கைக்கு மட்டும் பழக்கலாம். வேற ஆரும் வைக்கக் கூடாது. இவரு மொதல்ல தின்னு காட்டணும்” என்றேன்.

“ஆயா, நானா? அந்த மூட்டையில கீற நாய்த் தீனியயா?”

“கொஞ்சூண்டு வாய்ல போட்டாப் போதும் நைனா.”

“எங்க வூட்டுக்காரி கேட்டா இன்னா சொல்றது? நாஸ்டா ஆச்சான்னா, ஆச்சு, நாயோட சேர்ந்துன்னா?” என்று முனகிக்கொண்டே ஒன்றை வாயில் போட்டு மென்றார். “உப்பு கம்மியா கீது டாக்டரம்மா.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நாய் அசையவில்லை. உதவியாளர் கைக்குக் கீழே என் கையை வைத்துத் தாங்கிக்கொண்டேன். அவர் இன்னொன்று தின்றார். இன்னும் ஒன்று. கடைசியில் அவர் உள்ளங்கையிலிருந்து அது ஒன்றை எடுத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

போளூரில் இருந்த நாளெல்லாம் அவர்கள் போன் செய்து நாயைக் காட்டுவார்கள். உடம்பு தேறி, முடி பளபளவென்று வந்தது. மகன் லீவு போட்டு வந்து சுவரை எழுப்பினான். நான் நாயைக் கூட்டிவரக் காப்பகத்துக்குப் போனேன்.

உதவியாளர் ஓடி வந்தார். “ஆயா, நல்ல சேதி! இப்பல்லாம் நான் முன்னாடி தின்னத் தேவையே இல்ல. தட்ட வெச்சிட்டுப் போய்ட்டாப் போதும், வழிச்சி நக்கிடும். ஆரு குடுத்தாலும் வாங்கிக்குது, தங்கம்!”

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திக்கொண்டார். உதவியாளர் லீவில் இருந்தபோது ஆள் மாறி ஆள் தட்டு வைத்திருக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் வைத்திராவிட்டால் கூட்டிப்போக நாயே இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்த மறுநாள் சோதித்துப் பார்த்தேன். கொல்லைப் பாதையில் ஒரு களி உருண்டையைப் போட்டுவிட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். நாய் வந்தது. குனிந்தது. ஒரே வாயில் விழுங்கிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று.

மகன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். மறுபடி மிளகாய் வைக்கட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் பாட்டி, உங்கமேலயே நம்பிக்கை போயிடும்” என்று டாக்டரம்மா வேறு வழி சொன்னார். தின்பண்டத்தைத் தரையில் போட்டுக் காலால் மூடிக்கொள்ள வேண்டும். நாய் முட்டி மோதும், பேசாமல் நிற்க வேண்டும். அது விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கும்போது, கையிலிருந்து அதைவிட ருசியானதைக் கொடுக்க வேண்டும். தரையில் கிடப்பதை ஒருபோதும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தினமும் செய்ய வேண்டும். அது பழகும்வரை காட்டுக்குப் போகும்போது வாயைக் கட்டிவிட வேண்டும். அவர்கள் அனுப்பிய கம்பி வாய்மூடி இதன் மூஞ்சிக்குச் சேரவில்லை. அதனால் களத்தில் போர் அடிக்கும் மாட்டுக்குப் போடுகிற வாய்க்கூடையைச் சின்னதாக நானே பின்னிக் கட்டினேன்.

ஊரில் ஒரே கேலி. “இன்னா பெரிம்மா, நாயப் பூட்டி சாமைப் போர் அடிக்கப் போறியா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். கேட்டவள்தான் அடுத்த வாரம், “எங்க குட்டிக்கும் அந்தக் கால் வெச்சி மூடற வித்தையச் சொல்லிக் குடு” என்று வந்து நின்றாள்.

இப்போது காப்பகத்தில் மலையிலிருந்து எந்த உயிர் வந்தாலும், அது யார் கையில் எப்படித் தின்னும் என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேட்கிறார்களாம். இது டாக்டரம்மா சொன்னது.

எங்கள் நாய் பத்துத் தடவைக்கு ஏழெட்டுத் தடவை தரையில் கிடப்பதை விட்டுவிடுகிறது. மிச்சத் தடவைதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. சில நாள் கூடையை மரத்தில் தேய்த்துக் கழற்றிவிட்டு வெறும் வாயோடு திரும்புகிறது. காட்டுப் பக்கம் ஏதாவது வெடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். அது வந்து சேரும்வரை நிற்கிறேன். வந்ததும் முதலில் தாடையைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

நாய் எத்தனை நாள் தின்னாமல் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. காப்பகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு போனால் போகட்டும். காலால் மூடிப் பழக்குகிற முறையை மட்டும் நான் சரியாக எழுதியிருக்கிறேனா, ஏதாவது மாற்றிவிட்டேனா என்று டாக்டரம்மா ஒருமுறை நன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும். நான் மறதிக்காரி. அதில் தப்பு இருந்தால், நம்பிச் செய்கிறவர்களின் நாய்க்கு வாய் இருக்காது.