ஓரின் ஸ்காரின் ஜன்னல்

ஓரின் ஸ்காரிடம் கிராப்பி மீனைப் பற்றி வாய் தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தது. காபி ஆறி, கேட்டவர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போன பிறகும் பேச்சு முடியாது. முப்பத்தொரு வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். லாரியில் பேச்சுத்துணை இல்லாததால் சேர்த்து வைத்ததையெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் தலையில் கொட்டினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில், உறைந்து கிடக்கும் லோமன் ஏரியில் துளை போட்டுத் தூண்டில் விட்டு மற்றவர்கள் வெறும் வாளியோடு கரையேறும்போது அவர் வாளியில் மட்டும் பத்து கிராப்பி கிடக்கும். சட்டம் பத்துக்கு மேல் விடாது. விட்டிருந்தால் ஏரியைக் காலி செய்திருப்பார்.

கிராப்பி ரொம்பத்தான் பிகு பண்ணும். பனிக்காலம் முடிகிற சமயத்தில் இன்னும் மோசம். புழுவின் முன்னால் வந்து நிற்கும், பார்க்கும், பார்த்துக்கொண்டே இருக்கும், பிறகு போய்விடும். தூண்டிலை ஒரு சுண்டு சுண்டினால் அன்றைக்குத் திரும்பியே வராது. கடித்தாலும் கீழே இழுக்காது, மேலே தூக்கும். தூண்டில் நரம்பு இறுகுவதற்குப் பதில் தளரும். அந்தத் தளர்வைப் பார்த்து மெல்லத் தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் காகிதம் மாதிரியான அதன் வாய் கிழிந்துவிடும். "சும்மா உக்காரத் தெரியாதவன் வீட்ல டிவி பாக்கட்டும்" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் ஓரின்.

போன வருடம் செப்டம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. சக்கர நாற்காலியை ஏரி தெரியும் பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார்கள். மடியில் பைனாகுலர், வலது கையில் வாக்கி டாக்கி. அதன் ஜோடி, ஏரியில் உட்கார்ந்திருக்கும் மனைவி ஆர்டிஸின் கோட்டுப் பையில்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் தூண்டிலைத் தொட்டதில்லை. டிசம்பரில் ஒருநாள் ஓரின் ஜன்னலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல், "எப்படிப் பண்றதுன்னு சொல்லு, நான் போய்ப் புடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். ஒருநாள் இரக்கப்பட்டது அவளுக்குத் தினசரி வேலையாகிவிட்டது.

"ஆட்டாத. ஆட்டாதன்னா."

"ஆட்டல ஓரின். குளுருல கை நடுங்குது."

"ரெண்டடி மேல தூக்கு. இந்நேரத்துக்கு அங்கதான் நிக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்? நீ மீனா?"

"முப்பது வருஷமா அதுங்களோட பழகுறேன்."

"என்னோட நாப்பத்திரெண்டு வருஷம்" என்றாள் ஆர்டிஸ்.

பிப்ரவரியில் மகள் ஜொலீன் ஃபார்கோவிலிருந்து வந்தாள். அப்பா தூங்குகிறார் என்று நினைத்து சமையலறையில் அம்மாவோடு பேசினாள். கோடைக்கு நீ என்னோடு வந்து இரு, அப்பாவை சர்ச் பக்கத்து முதியோர் இல்லத்தில் விடலாம், உன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாயா என்றாள். ஓரின் கண்ணை மூடிக்கொண்டு அத்தனையும் கேட்டார். ஜொலீன் கிளம்பிப் போனதும் ஆர்டிஸ் அதை மறைக்கவில்லை.

"ஜொலீன் கூப்பிடுறா. ஏரில ஐஸ் போகட்டும், சொல்றேன்."

அன்றிலிருந்து ஓரினுக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் போய்விட்டால் திரும்பி வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஏரியின் பனிக்கட்டி எப்போது உடையும் என்று ஊர் பந்தயம் கட்டும்போது எல்லோருக்கும் முந்திய தேதியைக் கட்டுகிற மனிதர், இந்த வருடம் ஏப்ரலிலும் குளிர் வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். நாற்காலியை விட்டு நகர முடியாத மனிதருக்கு, அந்த நாற்காலியோடு தன்னை விட்டுவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்களோ என்பதுதான் பயம்.

ஆனால் பனிக்கட்டி யார் பேச்சையும் கேட்காது. ஏப்ரல் பிறந்ததும் ஏரி கறுத்தது. நடுவில் இன்னும் ஓர் அடி கனம் இருந்தாலும் கரையோரம் உருகித் தண்ணீர் தெரிந்தது. அந்தச் சமயத்தில் ஏரிக்குள் போக, படகுத்துறையில், பக்கத்திலேயே குடியிருக்கும் நண்பர் வெர்லின் பக்காவின் பதினாறடிப் பலகையைப் போட்டிருப்பார்கள். உள்ளே போகிறவர் துறைக் கம்பத்து ஆணியில் தன் தொப்பியையோ கழுத்துத் துணியையோ மாட்டிவிட்டுப் போக வேண்டும். கடைசியாகக் கரையேறுகிறவர் கம்பம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பலகையை இழுத்து மேலே போட வேண்டும். போடாவிட்டால் காற்று அதைக் கொண்டுபோய்விடும்.

திங்கட்கிழமை ஆர்டிஸ், "இந்த வருஷத்துக்குப் போதும். ஐஸக் கடப்பாரையால குத்துனா பொதபொதன்னு இருக்கு" என்று சொல்லித் தூண்டிலைக் கழுவி வைத்தாள். ஓரினும் சரி என்றார். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, "பால் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினாள். பால் வாங்கக் கால் மணி நேரம் போதும். மூன்று மணியாகியும் வரவில்லை. அவர் பழக்கதோஷத்தில் பைனாகுலரை எடுத்தார்.

ஏரியில் ஒரே ஒரு பெண், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பச்சைக் கோட்டை அவருக்குத் தெரியாதா? அவளுடைய வாக்கி டாக்கி சமையலறை மேஜையில், உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

குளிர்காலம் முழுக்க அவள் முகத்தையோ பக்கவாட்டையோதான் பார்த்திருந்தார். அவர் கேட்டபடியெல்லாம் திரும்பி உட்கார்ந்தவள். இன்று அவள் கை அசையவே இல்லை. வெகுநேரம் கழித்து மணிக்கட்டு மட்டும் எழும்பியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிராப்பி மேலே வந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் துளைக்குள்ளேயே விட்டாள். பிறகு இன்னொன்று. நான்கு மணிக்குள் ஏழு மீன். ஏழையும் விட்டுவிட்டாள்.

அவருக்கு நெஞ்சு எரிந்தது. இவ்வளவு நாளும் இரண்டு, மூன்று என்று கொண்டுவந்தவள் இவள்தானா? காதில் ஒருவன் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால் எந்தக் கைதான் நிலைக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் தொப்பியைக் கழற்றி வெயிலுக்குத் தலையைக் காட்டினாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. மீனைவிட அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

அப்போது வெர்லின் பக்கா ஏரியின் வடக்கு முனையிலிருந்து நாணலை ஒட்டி நடந்து வந்து, பலகையில் கால் வைத்துக் கரையேறினார். கம்பத்திலிருந்து தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். ஆணி காலி. யாருக்கும் தெரியாமல் போனவள், அங்கே எதை மாட்டியிருப்பாள்? நாணல் மறைத்ததால் வெர்லினுக்கு வாளியும் தெரியவில்லை, பச்சைக் கோட்டும் தெரியவில்லை. பலகையை இழுத்துக் கரையில் போட்டார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஓரின் பைனாகுலரை இறக்கவில்லை. கரைக்கும் பனிக்கட்டிக்கும் நடுவில் எட்டடிக் கறுப்புத் தண்ணீர். காற்று கரையிலிருந்து வீசியது. அது மொத்தப் பனிப்பரப்பையும் மெல்லத் தள்ளிக்கொண்டே போகும். இடைவெளி பதினாறடியைத் தாண்டினால் பலகையால் பயனில்லை. அந்தத் தண்ணீரில் இறங்கினால் ஒருவர் எத்தனை நிமிடம் தாங்குவார் என்பதையும் அவர் பிறருக்கு விளக்கிச் சொன்னவர்தான்.

தொலைபேசி மடியில் இருந்தது. எண்ணை அழுத்த வலது கையே போதும்.

அவர் அழுத்தவில்லை. ஆர்டிஸுக்கு இன்னும் எதுவும் தெரியாது, வாளி மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவளும் இப்போது எங்கும் போக முடியாது. ஃபார்கோவுக்குப் போக முடியாது, பால் வாங்கப் போக முடியாது, தான் ஒரு வார்த்தை சொன்னாலொழிய அவள் இருக்கிற இடத்தைவிட்டு நகர முடியாது. ஏழு மாதமாகத் தான் மட்டும் கிடந்த இடத்துக்கு அவளும் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. அந்த நினைப்பு அவருக்கு இதமாக இருந்தது. இதமாக இருப்பதைக் கண்டு அருவருப்பாகவும் இருந்தது. இருந்தும் கை எழவில்லை. தண்ணீர் பத்தடியாயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஆர்டிஸ் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதும்தான் அவருக்குச் சுரணை வந்தது, வெர்லினின் எண்ணை அழுத்தினார்.

"என்னடா ஓரின், கிராப்பி கதைன்னா நான் வெச்சிடுறேன்" என்றார் வெர்லின்.

"பலகையத் திருப்பிப் போடு. ஆர்டிஸ் உள்ள இருக்கா."

"கம்பத்துல ஒண்ணுமே இல்லியேடா. நல்லாப் பாத்தேனே."

"மாட்டாமப் போயிருக்கா. சீக்கிரம் போ. காத்து தள்ளிக்கிட்டுப் போவுது. எட்டலேன்னா தீயணைப்புக்காரங்களக் கூப்பிடு."

"இதோ கெளம்பிட்டேன்."

"வெர்லின், நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத."

"பின்ன யார் சொன்னான்னு சொல்ல? மீனு ஃபோன் பண்ணிச்சுன்னா?"

பலகை எட்டியது. இரண்டு பக்கமும் ஒரு முழம்தான் மிச்சம். வெர்லின் கரை முனையை மிதித்துக்கொண்டு நிற்க, ஆர்டிஸ் வாளியைக் கையில் பிடித்தபடி நிதானமாக நடந்து வந்தாள். ஓரினுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பைனாகுலரைச் சோபாவில் எறிந்தார், பார்க்கவே இல்லை என்று காட்டிக்கொள்ள.

ஐந்தரை மணிக்கு அவள் பாலோடு உள்ளே வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். பன்றி இறைச்சித் துண்டுகளை வாணலியில் போட்டாள், உருளைக்கிழங்கை வேகவைத்தாள். ஒன்றுமே நடக்காததுபோல் தட்டுகளை வைத்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"வெர்லின் காபி ஃபிளாஸ்க்க மறந்துட்டாராம், எடுக்க வந்தாராம். ஃபிளாஸ்க் அவர் கையிலயே இருக்கு. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது."

ஓரின் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கினார்.

"பலகைய இழுத்தப்போ மணி நாலு பத்து. ஐஸ் மேல அந்தச் சத்தம் நல்லாக் கேக்கும். திரும்பிப் பாக்காமலே கடிகாரத்தப் பாத்தேன். அவர் திரும்பி வந்தப்போ நாலு முப்பத்திமூணு. அவர் வீட்லேர்ந்து வர ரெண்டே நிமிஷம்."

"ஆர்டிஸ்..."

"நீ பாத்துக்கிட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும். கூப்பிடாம எவ்ளோ நேரம் இருப்பேன்னுதான் தெரியல. அதான் நானும் சத்தம் போடாம உக்காந்திருந்தேன். என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம். தொலைபேசி கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது என்று சொல்லலாம். ஒரு கை விளங்காதவன் சொன்னால் யாரும் நம்புவார்கள். இரண்டும் நாக்கு நுனிக்கு வந்தன.

"ஃபோன் மடியிலதான் இருந்துச்சு. பண்ணல."

"ஏன்?"

"உன்னால எங்கயும் போக முடியாதுன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் அது எனக்கு நல்லா இருந்துச்சு."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் அவருடைய தட்டை இழுத்து, தினமும் செய்வதுபோல் இறைச்சியைச் சின்னச் சின்னதாக நறுக்கினாள்.

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "யாராலயும் கிட்ட வர முடியாதுன்னு. தண்ணி அகலமாவுற சத்தம்கூடக் கேட்டுது. பயம் வரணும்ல? வரல ஓரின். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

தட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"மே மொத வாரம் ஜொலீன் வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காத. கேட்டா பாவம் பாத்து ஒரு தேதி சொல்லிடுவேன். அப்புறம் அந்தத் தேதியில மாட்டிக்குவேன்."

கேள்வி அவர் தொண்டையில் தயாராக இருந்தது. முள்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். அவள் சாப்பிட்டு முடித்தாள், எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள், வாணலியைத் தேய்த்தாள், துடைத்தாள். ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.