கணக்கில் வராத ஞாயிறு

ஐந்தாவது படிக்கும்போது, ஒரு தவக்காலத்தில் நான் செல்போன் கேமை விட்டேன். விட்டேன் என்று எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

பாம்பன் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பல் பூசிய கையோடு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். ஈஸ்டர் வரை எதை விடப்போகிறோம் என்று எழுதி மடித்து, பீடத்தின் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நான்கு சீட்டும் என் கையெழுத்து. அம்மா டீயை விட்டாள். அம்மாவின் தம்பியான மாமா வெகுநேரம் யோசித்துப் பாகற்காயை விட்டார். அதை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. அய்யா, என் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் மட்டும் என்னைத் தூணோரம் அழைத்துப் போய்க் காதருகே குனிந்தார்.

"கோவம்னு எழுதுலே. யாருட்டயும் சொல்லாத."

அது தின்கிற பொருளோ வைத்து விளையாடுகிற பொருளோ இல்லையே என்று எனக்குக் குழப்பம். ஆனாலும் எழுதினேன். அய்யாவின் கோபம் ஊருக்கே தெரியும். முந்தின வருடம் வலை போடும் இடத்தைப் பற்றிய சண்டையில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரைத் துடுப்பால் அடித்துக் கையை உடைத்துவிட்டார். அந்த மனிதர் பல மாதம் கடலுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு பூசையில் அய்யா கடைசி வரிசையிலேயே நிற்பார், அடிபட்டவரின் மனைவி கண்ணில் படாமல்.

என் விரதம் மூன்று நாள் நன்றாகத்தான் போனது. பிறகு, தவக்காலத்தின் நாற்பது நாளில் ஞாயிறுகள் சேராது என்று மறைக்கல்வி டீச்சர் போகிறபோக்கில் சொன்னார். அவர் சொன்ன எத்தனையோ விஷயத்தில் அது ஒன்றுதான் என் மனதில் தங்கியது. ஞாயிறு முழுக்க விளையாடினேன். அடுத்த வாரம் இன்னொன்றும் கண்டுபிடித்தேன்: சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிறு பூசைக்குச் சமம். அப்படியானால் ஞாயிறு சனி சாயங்காலமே தொடங்கிவிடுகிறது. படித்த பிள்ளை அல்லவா.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலையில் அய்யாவும் மாமாவும் நண்டு வலையை எடுக்கப் போனார்கள். பாதி வலைதான் மிஞ்சியிருந்தது. ஒரு விசைப்படகு அதன் மேலேயே தன் மடி வலையை இழுத்துப் போயிருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்கரைப் பூவரச மரத்தடியில் கிழிசலைப் பரப்பி உட்கார்ந்தார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன், செல்போனும் கையுமாக.

அந்த விசைப்படகின் டிரைவர் அவராகவே வந்தார். வருத்தம் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தோம்.

"கொடி கட்டாம வலைய விட்டுட்டு எங்கள ஊரு பூராம் ஏசுறீகளாமே?" என்றார்.

வலை கிடக்கும் இடத்தைக் காட்டக் கொடி கட்டித்தான் இருந்தது. நுனியில் கிழிந்த சிவப்புத் துணியோடு அந்தக் கம்பு அங்கேயே கிடந்தது. அய்யா எழுந்தார். கரையில் இருந்தவர்கள் கைவேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அய்யாவின் காலடியில் துடுப்பு இருந்தது. அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. டிரைவருக்குத் தைரியம் கூடியது. பெரிய சண்டியர் என்று கேள்விப்பட்டு வந்தேன், இங்கே ஒன்றையும் காணோமே என்றார்.

மாமாவுக்குத் தாங்கவில்லை. "என்ன மச்சான், சாம்பல் பூசுனதுல சாமியாராயிட்டீகளா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அய்யா ஏன் நிற்கிறார் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சீட்டை எழுதியவன் நான். அவரைக் காப்பாற்ற என்னிடம் வழியும் இருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னேன்.

"அய்யா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம. கணக்குல வராது. அடிங்க."

அய்யா என்னைக் குனிந்து பார்த்தார். முகத்தில் முறுக்கிக்கொண்டிருந்த எதுவோ தளர்ந்து, சிரிப்பு வந்துவிட்டது.

"அவன் பல்லுக்குக் கெழம தெரியுமாலே?" என்றார்.

பிறகு டிரைவரிடம், "கொடி இருந்துச்சுப்பா. நீ பாக்கல. போ, போயிச் சாப்புடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த ஆள் இன்னும் எதையோ எதிர்பார்த்துச் சற்று நேரம் நின்றார். ஒன்றும் வராததால் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. மாமா அன்று முழுக்க அய்யாவிடம் பேசவில்லை.

அய்யா வலை ஊசியை எடுத்தார். கை நடுங்கியது. ஒரே கண்ணியில் மூன்று முறை ஊசி தவறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது முறை கோத்தார்.

இப்போது எனக்கு வேலையும் சம்பளமும் சொந்த செல்போனும் இருக்கின்றன. இனிமேல் தொடுவதில்லை என்று முடிவுசெய்த ஒவ்வொன்றிலும் எனக்கென ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்துவிடுகிறேன். அப்போதெல்லாம் அந்த நடுங்கும் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. பள்ளிக்கூடம் போகாததால் அய்யாவுக்குக் கணக்குப் புரியவில்லை. கை நடுங்குவதைப் பார்த்தால் பயமும் இருக்கிறது. பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது. நிழலில் சாய்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கேமைத் தொடர்ந்தேன்.