மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம்

எங்கள் சின்ன ஊரில், சேத்துப்பட்டு போகிற ரோட்டோரம் அரசாங்கம் கட்டிவிட்ட குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தள வீடு கிடைத்ததில் அக்காவுக்குத்தான் பெரிய சந்தோஷம். இளம்பிள்ளை வாதத்தில் அவள் கால்கள் இரண்டும் சூம்பிப் போயிருந்தன. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி வைத்திருந்தாள். எங்கள் வாசலுக்கு எதிரிலேயே மாடிப்படி. அதன் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, ஊன்றுகோல் பிடித்து நாலு எட்டு வைத்தால் வீடு. காலையில் தானே கிளம்பி பஜாரிலிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் எனக்கும் சேர்த்துப் பூ வாங்கி வருவாள். யாரையும் உதவிக்குக் கூப்பிட மாட்டாள்.

எண்பதுகளில் குடியிருப்புக்குள் ஸ்கூட்டரும் மொபெட்டும் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. எல்லோருக்கும் நிழல் வேண்டும். தினமும் சண்டை. தாலுகா ஆபீசில் வேலை பார்த்த அப்பாதான் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். அதனால் யார் வண்டி எங்கே நிற்பது என்ற பஞ்சாயத்தெல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியருகே கூட்டம் போட்டார்கள். புது ஸ்கூட்டர் வாங்கியிருந்த மேல்வீட்டுக்காரர் வெடுக்கென்று சொல்லிவிட்டார்.

"செக்ரெட்டரி வூட்டு வண்டி மட்டும் நெழல்ல நிக்குது. நாங்க வெயில்ல போட்டுட்டு பார்த்துகினு இருக்கணுமா சார்?"

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அதுவரை அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

"சீட்டு குலுக்கிப் போட்டுடலாம். எங்க வூட்டு வண்டியும் அதுல ஒண்ணுதான்" என்றார்.

மாடிப்படி இடம் மேல்வீட்டு ஸ்கூட்டருக்கு விழுந்தது. அக்காவின் வண்டிக்குக் கிடைத்தது கேட்டை ஒட்டிய மதிலோரம்.

அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. "நீங்க நல்ல பேரு எடுக்கறதுக்கு எம்பொண்ணுதான் கெடைச்சாளா?" என்று கத்தினாள்.

"உடும்மா. நைனா எல்லாருக்கும் பொதுவாத்தான செஞ்சாரு. நான் நடந்து வந்துக்கறேன்" என்றாள் அக்கா.

மதிலிலிருந்து வீடு வரை மேடும் பள்ளமுமான மண்தரை. தினமும் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வியர்க்க வியர்க்க வந்தாள். நான் துணைக்குப் போனால் முறைப்பாள். ஐப்பசி மழையில் தரையெல்லாம் சேறாகிவிட்டது. ஒரு சாயங்காலம் ஊன்றுகோல் வழுக்கி, குப்புற விழுந்தாள். அவளிடம் டைப் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் சிலர் எங்கள் குடியிருப்பிலேயே இருந்தார்கள். அவர்கள் ஓடி வந்தார்கள். மேல்வீட்டுக்காரரும் படியிறங்கி ஓடி வந்தார்.

"யாரும் என்னைத் தொடாதீங்க."

கைகளை ஊன்றி, அத்தனை பேர் கண்ணெதிரேயும் சேற்றில் தவழ்ந்தே வாசல் வரை வந்தாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் தவழ்ந்து நான் பார்த்ததில்லை. ஆபீஸ் முடிந்து வந்த அப்பா, குடையை விரித்தபடி கேட்டருகே அப்படியே நின்றுவிட்டார்.

மறுநாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. மேல்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை வெயிலுக்கு நகர்த்திவிட்டு, அவள் வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினார்.

"அன்னிக்கு ஏதோ பேஜார்ல, கோவத்துல பேசிட்டேன்மா. நீ எப்பவும் போல போய்ட்டு வாம்மா" என்றார்.

"இருக்கட்டும்ங்க. இப்ப எனக்கு எங்கயும் போவ வேணாம்."

இன்ஸ்டிட்யூட்காரர் நேரில் வந்து கூப்பிட்டும் அசையவில்லை. அப்பா செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டார். அடுத்த வருஷம், போளூரிலிருந்து அவளைப் போலவே கால் முடியாத ஒரு பெண், வண்டி சும்மா நிற்பதைக் கேள்விப்பட்டு, அதைக் கேட்டு அண்ணனோடு வந்தாள். அக்கா வாசலில் உட்கார்ந்து, "எறக்கத்துல பிரேக்க கெட்டியா புடிச்சிக்கோ" என்று சொல்லிக்கொடுத்தாள். அப்பாதான் வண்டியை ரோடு வரை தள்ளிக்கொண்டு போய், லாரியில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். வந்தவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் செஞ்சது தப்பாம்மா?"

அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ நியாயமாத்தான் செஞ்ச நைனா. என்னாலதான் முடியல."

அப்பா அழுததை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.